இசைக் கமிட்டியும் ஓர் ஆட்டுத்தோலும்

ஈரமான ஆட்டுத்தோல் ஒன்றை வயிற்றோடு சேர்த்து வேட்டிக்குள் செருகிக்கொண்டு, கடைத்தெருவின் நட்டநடுவில் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வந்துவிடுவார். தோலிலிருந்து பதனிடும் தொட்டியின் ஆவாரம்பட்டைச் சாறு வழிந்து, தொடையைக் கடந்து, முழங்காலைத் தொட்டு, கணுக்காலில் கோடு போட்டது. அந்தச் சாறு என்ன நிறம் என்பது தோல் வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டார்கள்.

"இன்னா மெம்பரே, நேத்து கல்யாணச் சாப்பாடு ஜாஸ்தியா?" என்று வெற்றிலைக் கடையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவரைப் புடிச்சு நிறுத்தாதப்பா! நிக்கிற நெலமையிலயா இருக்காரு?" என்றது இன்னொரு குரல்.

நின்று விளக்கம் சொல்ல நேரமில்லை. நின்றால் நகரசபைப் பெண்கள் பள்ளியின் பாட்டு வகுப்பு அன்றோடு சரி. நாற்பது பிள்ளைகளின் பாட்டும், அன்னம்மாள் டீச்சரின் வேலையும் அந்த நேரத்தில் என் வேட்டிக்குள் இருந்தன.

காரணம் இதுதான்: முக்கால் மணி நேரத்துக்கு முன் அந்தப் பள்ளியின் ஆர்மோனியத்தை நான் கிழித்துவிட்டிருந்தேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் தேவசகாயம். இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம், மார்ச் மாதம். ஊர், வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே பாலாற்றங்கரையில் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கேதான் இன்னும் குடியிருக்கிறேன். நான் அப்போது மூன்றாவது வார்டு மெம்பர். போட்டியில்லாமல் ஜெயித்தவன். எதிர்த்து நிற்க வேண்டியவர் மனு கொடுக்கிற நாளுக்கு முதல் நாள் ஆற்காட்டிலிருந்து வந்த மக்கன்பேடாவை அளவில்லாமல் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். மக்கள் ஆதரவு என்று நான் சொல்லிக்கொள்வது அந்தப் பேடாவைத்தான்.

பிழைப்புக்கு அப்துல் கரீம் சாயபுவின் டேனரியில் வேலை. பதனிட்டு உலர்ந்து வருகிற தோல்களை முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பிரித்து அடுக்குவேன். அதில் நான் கெட்டிக்காரன், அதில் மட்டும்தான். உண்ணி கடித்த ஓட்டையைப் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். "லண்டன்ல நம்ம தோல் கட்டைப் பிரிச்சுக்கூடப் பாக்கறதில்லை" என்று சாயபு ஒரு தடவை சொன்னார். அதை நான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்.

சாயபுதான் நகரசபைக்கும் தலைவர். டேனரியில் அவர் சொன்னதற்குத் தலையாட்டுவேன். சபையில் அவர் சொன்னதற்குக் கை தூக்குவேன். உடம்பில் வேலை செய்கிற பாகம் மாறுமே தவிர, மற்றபடி ஒரே உத்தியோகம்தான்.

இசை உபகமிட்டிக்கு நான் தலைவரானதும் அப்படித்தான். பெண்கள் பள்ளியில் பாட்டு வகுப்பு ஆரம்பித்து, அதை மேற்பார்க்க ஒரு கமிட்டி வேண்டும் என்று சாயபு வாசித்தபோது எனக்குக் கொட்டாவி வந்தது. மரியாதைக்குக் கையை உயர்த்தி வாயை மறைத்தேன். "தேவசகாயம் முன்வருகிறார்" என்று குறிப்புப் புத்தகத்தில் ஏறிவிட்டது. வேறு யாருக்கும் கொட்டாவி வராததால் கமிட்டியில் வேறு ஆளில்லை.

எனக்கும் இசைக்கும் உள்ள உறவை என் மனைவி மரியம்மாளைக் கேட்டால் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நான் பாட வாயைத் திறந்தால் அவள் முழங்கை என் விலாவில் இறங்கும். ஆனாலும் கமிட்டித் தலைவர் வேலையை இரண்டு வருஷம் சிறப்பாகச் செய்தேன். அதாவது, கையெழுத்துப் போட்டேன். பியூன் காகிதக் கட்டை டேனரிக்கே கொண்டுவருவான். தோல் அடுக்கின் மேல் வைத்து, தோலுக்குக் குறி போடும் அதே நீலப் பென்சிலால் எதையாவது எழுதித் தள்ளிவிடுவேன். என் கையெழுத்தின் வால் இரண்டு சுற்று சுற்றிப் பாம்பு மாதிரி படுத்திருக்கும். பார்க்கவே கம்பீரமாக இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போனதில்லை.

இனி ஆபத்தைச் சொல்கிறேன். டீச்சரின் சம்பளம் அரசாங்கம் பாதி, நகரசபை பாதி. இன்ஸ்பெக்ட்ரஸ் வந்து கேட்டு, பிள்ளைகள் சுதி சேர்ந்து பாடுகிறார்கள் என்று எழுதினால்தான் அரசாங்கத்தின் பாதி வரும். அது வராவிட்டால் நகரசபையின் பாதியும் மார்ச் முப்பத்தொன்றோடு நின்றுவிடும் என்று சபையில் ஒரு தீர்மானம் இருந்தது. மிச்சமாவதை வைத்து என்ன வாங்குவது என்பதும் அதே தீர்மானத்தில் எழுதியிருந்தது: ஒரு குப்பை வண்டி. வக்கீல் குமாஸ்தா சீனிவாசன் கொண்டுவந்த திருத்தம் அது.

"பாட்டு இல்லேன்னா ஊரு நாறாது. குப்பை வண்டி இல்லேன்னா நாறும்" என்றார் அவர் சபையில்.

பதினோரு டேனரி இருக்கிற ஊரில் ஒரு குப்பை வண்டியால் நாற்றம் போய்விடும் என்று நம்பிய ஒரே மனிதர் அவர்தான். ஆனால் அந்த வருஷம் தோல் விலை விழுந்து கிடந்தது. வரி கட்டுகிறவர்களுக்குப் பாட்டைவிடக் குப்பை வண்டி கண்ணுக்குத் தெரிகிற பொருள். பாதிச் சபை அவர் பக்கம் சாய்ந்திருந்தது.

அதனால்தான் அன்று காலை முதல் தடவையாகப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன். மரியம்மாள் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்: "போறது சரி. எதையும் தொடாம வா."

அன்னம்மாள் டீச்சர் வேலூர் மிஷன் பள்ளியில் பயிற்சி பெற்று வந்தவர். நாற்பது வயதிருக்கும். கணவர் இறந்துவிட்டார். இரண்டு பெண்கள் வேலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு இந்தப் பாட்டிலிருந்துதான் போகிறது. குரலை உயர்த்தாமலே நாற்பது பிள்ளைகளை உட்கார வைக்கத் தெரிந்தவர். நான் எழுதி அனுப்பிய வரவேற்புப் பாட்டை, எந்த ராகத்திலும் அடங்கவில்லை என்று வருத்தத்தோடு திருப்பி அனுப்பியவரும் அவர்தான்.

ஆர்மோனியம் மேசைமேல் சிவப்புத் துணி போர்த்தி இருந்தது.

"எல்லாம் சரியா இருக்குதா டீச்சரம்மா? ஒரு பார்வை பாத்துடட்டுமா?"

"வேணாம் மெம்பரய்யா. துணி அப்பிடியே இருக்கட்டும், தூசி படும்" என்றார்.

நான் துணியை எடுக்கவில்லை. ஆனால் அதன் ஓரத்தில் துருத்தியின் மடிப்பு ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது. தோல். நல்ல பழுப்பு. என் டேனரியில் பதனிட்ட ஆட்டுத்தோல் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

தரம் பார்க்கிறவன் கை சும்மா இருக்காது. தோலை இரு விரலால் மடித்து, பெருவிரலால் அழுத்தி நெருடி, மேல்பக்கம் வெடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது எங்கள் தொழில் வழக்கம். தொழிலை விட்டு அது வெளியேயும் நடமாடும். பாதிரியாரின் பைபிள் அட்டை, சாயபுவின் மணிபர்ஸ், பக்கத்துப் பந்தியில் கழற்றி வைத்த செருப்பு, எதையும் நான் விட்டுவைத்ததில்லை. மடித்தேன். நெருடினேன்.

டர்ர்ர்.

மூன்றாவது மடிப்பு ஒரு சாண் நீளத்துக்குத் திறந்துகொண்டது.

முன்வரிசையில் பொன்மலர் என்று ஒரு எட்டு வயசுப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. "டீச்சர்! மெம்பர் தாத்தா பெட்டியைக் கிழிச்சிட்டாரு!"

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கிழிந்ததைவிட அந்தத் தாத்தா அதிகமாக வலித்தது.

டீச்சர் பதறுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் துணியை இழுத்துச் சரியாகப் போர்த்தினார். "பரவால்ல மெம்பரய்யா. அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க வீட்டுக்குப் போங்க, இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சதும் நானே சொல்லி அனுப்பறேன்."

அதிர்ச்சியில் மூளை கலங்கிவிட்டது, பாவம், என்று முடிவு செய்தேன்.

"கவலைப்படாதீங்க டீச்சரம்மா. தோல்னா என்கிட்ட விட்டுடுங்க. அரை மணியில புதுத்தோல் போட்டுத் தர்றேன்!"

"வேணாம் மெம்பரய்யா, நான் சொல்றதைக் கொஞ்சம்…"

மீதியைக் கேட்க நான் அங்கே இல்லை.

டேனரி, பள்ளியின் பின்சுவரை ஒட்டித்தான். ஆனால் வாசல் அந்தப் பக்கம்; கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மெல்லிய தோலாக ஒன்றைத் தேடினேன். உலர்ந்தது எல்லாம் கட்டுக்குள் போயிருந்தது. பட்டைத் தொட்டியிலிருந்தே ஒன்றை உருவிப் பிழிந்து வேட்டிக்குள் செருகிக்கொண்டு திரும்பியபோது, பம்பு இன்ஜின் சத்தம் காதில் விழுந்தது.

கிணற்றுத் தண்ணீரைத் தொட்டிகளுக்கு ஏற்றுகிற இன்ஜின் அது. காலை ஏழு மணியிலிருந்து நண்பகல் வரை "ஊம்ம்ம்ம்" என்று ஒரே சத்தமாக ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது கேட்பதே இல்லை. ஆனால் வெளியூரிலிருந்து வருகிற, இசை தெரிந்த ஒரு அம்மாளுக்கு? சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் பாட, இந்தப் பக்கம் இந்த எருமை முனகினால்?

எனக்குள் இருந்த கமிட்டித் தலைவர் விழித்துக்கொண்டார். இன்ஜின் டிரைவர் கவுஸ் பாஷாவிடம் ஓடினேன்.

"பாய், சரியா பத்து மணிக்கு இன்ஜினை நிறுத்திடு. ஒரு மணி நேரம்."

கவுஸ் பாஷா எண்ணெய்த் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். காலில் வழிந்த சாற்றையும் பார்த்தார். "பத்து மணிக்கா? டீச்சரம்மா சொல்லிச்சா?"

"டீச்சரம்மா எதுக்குச் சொல்லணும்? நான் சொல்றேன். மெம்பர் சொல்றேன்."

"வேணாம் மெம்பரே, பேஜாராய்டும்."

"சாயபு உத்தரவு!" என்று ஒரு பொய்யைப் போட்டேன்.

"நாளைக்கு என்னைக் கேக்கக் கூடாது" என்று அவர் திரும்பிக்கொண்டார்.

இப்படியாகத்தான் நான் கடைத்தெருவில் ஓடிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது பத்து மணிக்கு ஐந்து நிமிஷம். தேசப்படம் ஒட்டுகிற பசைக் கலயத்தை எடுத்தேன். மேசைக்கு அடியில் உட்கார்ந்து, துணிக்குள் கையை விட்டு, கிழிந்த மடிப்பைத் தடவிக் கண்டுபிடித்து, தோலை அளவாக வெட்டி ஒட்டினேன். ஈரத்தோலில் மாவுப் பசை ஒட்டாது என்பது நாற்பது பேரில் பொன்மலருக்குத் தெரிந்திருந்தது. "வழுக்குது பாரு" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள். இருபது வருஷம் தோலில் வாழ்ந்த எனக்குத் தெரியவில்லை. அவசரம் ஒரு மனிதனை எவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோகும் பாருங்கள்.

வாசலில் ஜட்கா நின்றது. அப்துல் கரீம் சாயபு ஷெர்வானியில் முன்னால் வர, பின்னால் மூக்குக் கண்ணாடி போட்ட, ஒல்லியான இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வந்தார். உள்ளே நுழைந்ததும் கைக்குட்டையை மூக்கில் வைத்தார். எங்கள் ஊர்க் காற்றுக்காக அல்ல. அதற்கு அவர் ரயில் நிலையத்திலேயே பழகிவிட்டிருந்தார். புதிதாக வந்தது என் வேட்டியிலிருந்து.

"வகுப்பு ஆரம்பிக்கலாமே" என்றார், நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு.

டீச்சர் நிமிர்ந்தார். கண்ணை மூடி, ஏதோ காதால் தேடிப் பிடிப்பது போல் நின்றார். பிள்ளைகளும் அதே மாதிரி தலையைச் சாய்த்தார்கள். டீச்சரின் உதடு பிரிந்தது.

மணி பத்து. இன்ஜின் நின்றது.

காலை நேரத்தில் அப்படி ஒரு நிசப்தத்தை எங்கள் ஊர் கண்டதில்லை. பாலாற்றுப் பக்கம் யாரோ ஒரு மாட்டை அதட்டியதுகூடக் கேட்டது. நான் பெருமையோடு எல்லோரையும் பார்த்தேன். சாயபுவின் காது விறைத்தது. டீச்சரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ம், பாடுங்க" என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ்.

பாடினார்கள். நாற்பது பேரும் நாற்பது இடத்தில் ஆரம்பித்தார்கள். எனக்கே தவறு தெரிந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். பொன்மலர் பாதியில் நிறுத்திவிட்டு, நடந்த குற்றத்துக்கு ஆளைத் தேடுகிறவள் போல் என்னையே பார்த்தாள். இன்ஸ்பெக்ட்ரஸின் பென்சில் நோட்டுப் புத்தகத்தின் மேல் இறங்கியது. என் கண்முன் ஒரு குப்பை வண்டி, புத்தம்புதுசாக, மணி அடித்துக்கொண்டு போயிற்று.

"டீச்சரம்மா, பெட்டி! பெட்டியை வாசிங்க!" என்று கிசுகிசுத்தேன்.

டீச்சர் அசையவில்லை. தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார்.

பயத்தில் கை ஓடவில்லை போலிருக்கிறது என்று, நானே பாய்ந்து துருத்தியை அழுத்தினேன். பெட்டியிலிருந்து ஒரு ஸ்வரமும் வரவில்லை. "புஸ்ஸ்ஸ்" என்று ஒரு பெருமூச்சு வந்தது. கூடவே நான் ஒட்டிய தோல் வழுக்கி விழுந்து, சாறு தெறித்து, கமிட்டித் தலைவரின் முகத்திலும் கொஞ்சம் இன்ஸ்பெக்ட்ரஸின் நோட்டிலும் பட்டது.

"யாரு இவர்?" என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ்.

"நம்ம இசைக் கமிட்டித் தலைவர்" என்றார் சாயபு. வேறு யாரையோ சொல்வது போலச் சொன்னார்.

அப்போது அன்னம்மாள் டீச்சர் என் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல் ஒரு வாக்கியம் சொன்னார்: "மெம்பரய்யா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். இன்ஜினைப் போடச் சொல்லுங்க."

ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலில் இரண்டு பெண்களின் விடுதிச் சாப்பாடு இருந்தது. அது எனக்கும் கேட்டது. நான் கதவைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து சாயபுவின் குரலும் கிளம்பியது. "அரே, பம்பை எவன் நிறுத்தினான்? சுண்ணாம்புத் தொட்டியில நானூறு தோல் கெடக்குது!"

மறுபடி கடைத்தெரு. மறுபடி வெற்றிலைக் கடை. "ரெண்டாவது தடவையா மெம்பரே?" நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கவுஸ் பாஷா இன்ஜின் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு தயாராக நின்றிருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு கையை ஆட்டினேன். சக்கரத்தை ஒரே இழுப்பு இழுத்தார். இருமியது, திணறியது, பிறகு மெல்ல ஏறி ஏறி, "ஊம்ம்ம்ம்" என்று தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சரின் குரல் ஒற்றையாக, அந்த முனகலின் மேலேயே கால் வைத்து எழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நாற்பது குரல்கள். ஒரே குரல் போல. என் டேனரி இன்ஜினுக்குள் இப்படி ஒன்று இருந்தது என்று எனக்கு அதுவரை தெரியாது.

"பெட்டி செத்துப் பதினாலு மாசம் ஆச்சு மெம்பரே" என்றார் கவுஸ் பாஷா, எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்தபடி. "டீச்சரம்மா அத்தினி நாளா என் இன்ஜினை வெச்சுத்தான் சுதி சொல்லித் தருது. வேகம் கொஞ்சம் ஏறினா சுவத்துக்கு அந்தாண்டேருந்தே குரல் குடுக்கும், 'பாய், சுதி ஏறுது'ன்னு. உடனே கம்மி பண்ணிடுவேன். பத்து மணிக்கு வர்ற மாதிரி அந்த இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாகிட்ட சொல்லி ஏற்பாடு பண்ணினதே இன்ஜின் ஓடற நேரம்னுதான். நீ வந்து நிறுத்தச் சொல்றே."

நான் மூன்றாவது தடவை ஓடினேன். இந்தத் தடவை வெற்றிலைக் கடையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. மரியாதையாக வழிவிட்டார்கள்.

நான் உள்ளே நுழையும்போது இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஜில்லாவில் இருபத்தாறு பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டேன். இவ்வளவு சுத்தமான சுதியை எங்கேயும் கேட்கவில்லை" என்றார். "எந்த வாத்தியமும் இல்லாமல் எப்படி?"

டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். இன்ஸ்பெக்ட்ரஸும் ஜன்னலைப் பார்த்தார். "ஊம்ம்ம்" என்றது இன்ஜின். அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய்ச் சிவப்புத் துணியை ஒரே இழுப்பில் எடுத்தார்.

துருத்தியின் முதல் மடிப்பு முழுசாகப் பிளந்து, உள்ளே கரப்பான் முட்டை தெரிந்தது. இரண்டாவதும் அப்படியே. நான் கிழித்து, ஓடி, ஒட்டி, வழுக்கவிட்டது மூன்றாவது. செத்துப் பதினாலு மாதமான உடம்புக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

"இதைப் பழுது பார்க்கச் சொல்லி மனுக் கொடுக்கவில்லையா?" என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ்.

"குடுத்தேம்மா. போன வருஷம் ஜனவரியிலேயே குடுத்தேன்."

"பதில்?"

"வந்துச்சும்மா." டீச்சர் தரையைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது, ரிப்பேர் வேணாம்னு."

"யார் பார்த்து அப்படி எழுதியது?"

டீச்சர் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். இன்ஸ்பெக்ட்ரஸ் நாற்காலியில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தார். "சேர்மன் அவர்களே, பிள்ளைகளுக்காக நான் சிபாரிசு எழுதத் தயார். ஆனால் பாதிப் பணம் அரசாங்கத்துடையது. செத்த வாத்தியத்தைப் பார்க்காமலே நல்லது என்று எழுதிக் கொடுக்கிற சபையை நம்பி எப்படிப் பணம் கொடுக்கச் சொல்வேன்? அந்த ஆளின் பெயர் என் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். சபை தன் தவறை ஒப்புக்கொண்டது என்றும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கையெழுத்துப் போடமாட்டேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. காலையிலிருந்து பட்ட அவமானம் எல்லாம் ஒரு வழியைக் கண்டுபிடித்துப் பொங்கியது. ஒரு திமிர் பிடித்தவன், ஒரு சோம்பேறி, நாற்காலியை விட்டு எழாமல் எழுதிய ஒரு வரியால் பதினாலு மாதம் ஓர் இன்ஜினோடு மல்லுக்கட்டியிருக்கிறார் இந்த அம்மாள்!

"சேர்மன் சார்!" என்றேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது. "இது குப்பை வண்டிக் கோஷ்டி வேலை. சந்தேகமே இல்லை. அந்த மனு எங்கே இருந்தாலும் தோண்டி எடுத்து, எழுதினவன் பேரை இதே பிள்ளைங்க முன்னாடி சத்தம் போட்டுப் படிக்கறேன். மனுஷனா அவன்?"

"படி. அதான் சரி" என்றார் சாயபு.

"டீச்சரம்மா, அந்தக் காகிதம் உங்ககிட்ட இருக்குதா?"

"இருக்குது… வேணாம் மெம்பரய்யா. அப்பறமா தனியா பாத்துக்கலாம்."

அன்று காலை எட்டிலிருந்து அந்த ஊரில் எத்தனை பேர் என்னிடம் வேணாம் என்றார்கள்! மரியம்மாள் தொடாதே என்றாள். கவுஸ் பாஷா பேஜாராய்டும் என்றார். இதே டீச்சர் மூன்று தடவை சொல்லிவிட்டார். ஆனாலும் எனக்கு உறைக்கவில்லை.

"பயப்படாதீங்கம்மா. நான் இருக்கேன்" என்றேன்.

டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். கொடுக்கத் தயங்கினார். நானே வாங்கிப் பிரித்து, வகுப்பின் நடுவில் போய் நின்று, இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

மனு டீச்சரின் அழகான கையெழுத்தில் இருந்தது. அதன் ஓரத்தில் சாய்வாக, நீலப் பென்சிலில் பதில்.

"நேரில் பார்த்தேன்!" என்று முழங்கினேன். "கேட்டுக்குங்க, நேரில் பார்த்தானாம்! 'ஆர்மோனியத்தின் துருத்தித் தோல் நம்மூர் டேனரித் தோல். நம்மூர்த் தோல் பத்து வருஷத்துக்கு ஒன்றும் ஆகாது…'"

அந்த இடத்தில் என் குரலில் ஏதோ ஒன்று கழன்றது. நாக்கு மட்டும் பழக்கத்தில் மேலே போனது.

"'…முதல் தரம். ரிப்பேர் தேவையில்லை.'"

"கையெழுத்து?" என்றார் சாயபு. "பேரைப் படி."

கீழே ஒரு கையெழுத்து இருந்தது. அதன் வால் இரண்டு சுற்று சுற்றிப் பாம்பு மாதிரி படுத்திருந்தது. உண்ணி ஓட்டையைப் பத்தடி தூரத்திலிருந்து பார்க்கிற கண்ணுக்கு, கையில் இருந்த பாம்பு அப்போதுதான் தெரிந்தது.

படிக்க முடியவில்லை, கிறுக்கலாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சாயபு நம்பியிருப்பார். டீச்சர் வாயைத் திறந்திருக்கமாட்டார். தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்ட்ரஸ் நோட்டை மூடிக்கொண்டு நாலு மணி ரயிலுக்குப் போயிருப்பார். ஏப்ரலில் எங்கள் ஊருக்கு ஒரு நல்ல குப்பை வண்டி வந்திருக்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் இன்ஜின் முனகியது. நாற்பது பிள்ளைகள் காத்திருந்தார்கள். இன்ஸ்பெக்ட்ரஸின் பென்சில் காகிதத்தின் மேல் நின்றது.

"சத்தமா படிக்கறேன்னீங்களே தாத்தா" என்றாள் பொன்மலர்.

இடுப்பிலிருந்து கையை எடுத்தேன். சத்தமாகவே படித்தேன்.

"கே. தேவசகாயம். தலைவர், இசை உபகமிட்டி."